ஆறு மஞ்சள், ஆறு கறுப்பு

ஷியாவின் மருந்துக்கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரமாக உட்கார்ந்து சோயா மொச்சை பொறுக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சளில் பன்னிரண்டு, கறுப்பில் பன்னிரண்டு. எல்லாம் ஒரே பருமனாக இருக்க வேண்டும். கண்ணை மூடித் தொட்டால் எது மஞ்சள், எது கறுப்பு என்று விரலுக்குத் தெரியக் கூடாது. மஞ்சள் மொச்சை சந்தையில் வாங்குவது. கறுப்பு, ஷியாவின் கடை மருந்துப் பெட்டியிலிருந்து எடுப்பது. சிறுநீரகத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார். இலக்கியத்துக்கு நல்லதா என்று பதினோரு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சங்கம் நல்ல நிலையில் இருந்தபோது ஒரு கூட்டத்துக்கு இரண்டு படி மொச்சை பொறுக்கியிருக்கிறேன். அன்று இருபத்துநாலே போதும். ஆறு பேர், இரண்டு படைப்புகள், அவ்வளவுதான். பொறுக்கி முடித்த பிறகும் கை சும்மா இருக்க மாட்டாமல் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். அது எங்கள் கடைசிக் கூட்டம்.

சங்கத்தின் பெயர் பதினாறு படகு. நிங்போவில் ஆற்றின் குறுக்கே பதினாறு படகுகளைச் சங்கிலியால் கோத்து, மேலே பலகை போட்ட பாலம் ஒன்று உண்டு. அந்தப் பெயரைத்தான் பத்திரிகைக்கும் வைத்தார்கள். தொடங்கிய நாளில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். "ஒம்பது பேருக்குப் பதினாறு படகு எதுக்கு?" என்று ஊரே கேலி செய்தது. தொடங்கியவர் லெ ஷூவென். பெண்கள் பள்ளியில் மொழி ஆசிரியர். நான் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கும் இலக்கியத்துக்கும் அப்போது எந்த ஒட்டும் உறவும் இல்லை. ஒருநாள் கரும்பலகையில் நான் எழுதி வைத்திருந்த கணக்கைப் பார்த்துவிட்டு அவர் நின்றார்.

"யிங் டீச்சர், உங்க கையெழுத்துக்கு முகமே இல்ல. எவ்வளவு நல்ல விஷயம்!"

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. பிறகுதான் விவரம் புரிந்தது. அவருடைய சங்கத்தில் ஒரு விதி இருந்தது. கதையோ கவிதையோ, எழுதியவர் யார் என்று தெரியாமல்தான் தேர்வு செய்ய வேண்டும். கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே ஆள் படியெடுத்து, எண் போட்டு, பெயரைத் தனி உறையில் ஒட்டி வைத்து, கூட்டத்தில் படிக்கவும் வேண்டும். அந்த ஆளுக்கு வாய் இருக்கக் கூடாது. கையெழுத்துக்கு முகம் இருக்கக் கூடாது. அப்படித்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

படித்து முடித்ததும் துணி மூடிய கிண்ணம் ஒன்று சுற்றி வரும். பிடித்தால் மஞ்சள், பிடிக்காவிட்டால் கறுப்பு. கிண்ணத்தில் ஒரு கறுப்புக்கு மேல் விழுந்தால் படைப்பு வெளியே. அந்த ஒரு கறுப்பையும் ஏன் விட்டுவைத்தார்கள் என்றால், எழுதியவன் தன் படைப்புக்குத் தானே கறுப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு வழக்கம். தன்னைத் தானே ஏற்றிவிடக் கூடாது அல்லவா! வெளியூரிலிருந்து தபாலில் வரும் கதைகளும் இதே கிண்ணத்தில்தான் தேறியாக வேண்டும். கூட்டம் முடிந்ததும் அத்தனை மொச்சையையும் பன்றி எலும்போடும் மூங்கில் குருத்தோடும் போட்டுக் காய்ச்சிக் குடித்துவிடுவோம். முதல் கரண்டி யாருக்கு என்றால், நிராகரிக்கப்பட்டவருக்கு. அவராக எழுந்து வந்து வாங்கினால் உண்டு. இல்லாவிட்டால் உறையைத் திறக்காமலே அடுப்பில் போட்டுவிடுவேன், யார் என்று உலகத்துக்குத் தெரியாது. பெரும்பாலும் யாரும் எழுந்து வர மாட்டார்கள். மானம் பெரிது, பசி சிறிது.

லெ சார் மட்டும் எழுந்து வருவார். கிண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு, பந்திக்கு முந்துகிறவர்போலச் சிரித்த முகத்தோடு முதல் ஆளாக வருவார். பதினோரு வருடத்தில் இருபத்தொரு தடவை. அவர் தொடங்கிய பத்திரிகை, அவரே ஆசிரியர், அச்சுப்பிழை பார்ப்பதும் அவர், கூட்டம் முடிந்து தரை கூட்டுவதும் அவர். ஆனால் அவர் எழுதிய ஒரு வரிகூட அதில் வந்ததில்லை. அவர் கதைகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். முக்கால்வாசி வரை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கடைசியில் மட்டும் ஒரு பத்தி வந்து நிற்கும். 'ஆகவே மனிதர்கள்' என்று தொடங்கி, இதுவரை நடந்ததற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் விளக்கிச் சொல்லும்.

"கதை நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு அண்ணே. கடைசியில பள்ளிக்கூட மணி அடிச்சிருச்சு" என்பார் ஷியா. அந்தக் கடைசிப் பத்திக்குச் சங்கத்தில் பெயர் வால்.

"நரி வாலை அறுத்துட்டா அது நரியா ஷியா?" என்று கேட்டுக்கொண்டே லெ சார் சூப்பைக் குடிப்பார். அடுத்த கதையிலும் வால் இருக்கும். அந்த மனிதரை நான் எவ்வளவு மதித்தேன் என்பதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தன் பத்திரிகையின் வாசலில் தானே வரிசையில் நின்று, தானே திரும்பிப் போகிற ஆசிரியரை வேறு எங்கே பார்க்க முடியும்?

அந்த நேர்மைதான் எங்களைத் தூக்கிவிட்டது. நாலாவது வருடம் ஷாங்ஹாயிலிருந்து பெரிய மனிதர் ஒருவரின் கதை வந்து, பேர் தெரியாமலே கறுப்பு விழுந்து திரும்பிப் போனது. அவர் கோபத்தில் நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல, "எந்த ஊர்ப் பத்திரிகை அது?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். முந்நூறு பிரதி இரண்டாயிரம் ஆனது. ராத்திரிக் கப்பலில் மாணவர்கள் கட்டுக் கட்டாக எடுத்துப் போனார்கள். கிடைக்காதவர்கள் கையால் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். பெய்ஜிங்கிலிருந்து வந்த ஒரு பெண், எங்கள் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குறுகலாவா இருக்கும்!" என்று ஏமாந்து போய் அதே படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போது சங்கத்தில் நாற்பத்தோரு பேர். மாடி தாங்காது என்று கீழே ஷியாவின் மனைவி தினமும் கத்துவாள்.

பிறகு இறங்குமுகம். ஏறியதற்குக் காரணம் சொன்ன மாதிரி இறங்கியதற்கு ஒரு காரணம் சொல்ல முடியவில்லை. பசித்தவனுக்கு எழுதுவதா, எழுத்துக்காக எழுதுவதா என்று ஒரு கோடைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். பதினான்கு பேர் ஷாங்ஹாய் போய்ச் சொந்தப் பத்திரிகை தொடங்கி, எங்களைக் 'கிழட்டு மொச்சைக் கும்பல்' என்று எழுதினார்கள். ஒரு இதழை அதிகாரிகள் படித்துவிட்டு நாலு பக்கத்தை வெறும் வெள்ளையாக விடச் சொன்னார்கள். எங்களுடைய இளங்கவிஞன் ஒருவனை ஒரு மார்கழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அவன் உட்காரும் முக்காலியில் அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள், அதுவும் ஒரு காரணம்தான். இப்போது அறுபது பிரதி அச்சாகிறது. ஆற்றின் மேல் இரும்புப் பாலம் வரப்போகிறதாம், படகுகளைக் கழற்றிவிடுவார்களாம். லெ சாருக்கு மலைப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை மாற்றம் வந்துவிட்டது. நாற்பதாவது இதழோடு நிறுத்திக்கொள்வது என்று போன மாதம் அவரே சொன்னார்.

அந்தக் கடைசி இதழில் மூன்று பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. வந்திருந்தவை இரண்டு கதைகள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

முதலாவது லெ சார் எழுதியது. அதைப் படியெடுக்கும்போது என் கை நின்றுவிட்டது. ஒரு தகப்பன், மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லி அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்த வருகிறான். மழை. வாத்தியாரிடம் ஒரு குடை, தகப்பனிடம் குடை இல்லை. இரண்டு பேரும் ஒரே குடையில் தெருமுனை வரை நடக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. முனை வந்ததும் வாத்தியார் குடையை மடக்குகிறார், மழை இன்னும் விடவில்லை. கதை அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்த தாளைத் தேடினேன். அடுத்த தாள் இல்லை. வால் இல்லை! பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் மணி அடிக்காமல் வகுப்பை விட்டிருக்கிறார். நான் மேசையில் தலை வைத்து அழுதேன்.

இரண்டாவது கதை நான் எழுதியது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினோரு வருடம் அடுத்தவர்கள் எழுதியதைப் படியெடுத்தவளுக்குத் திடீரென்று ஒரு ஆசை. கடைசி இதழ் என்றதும், இதை விட்டால் இனி இல்லை என்று தோன்றியது. உப்பு நண்டு விற்கிறவனின் மனைவி, நாற்பது வயதில், தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு, நண்டுப் பானைகளின் மேலெல்லாம் அதை எழுதி வைக்கிற கதை. படியெடுப்பவள் எழுதக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. எழுதுவாள் என்று யாருக்கும் தோன்றாததால் விதி போடவில்லை.

மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். லெ சாருக்கு முன்னாலேயே வூ நியான்சூ வந்துவிட்டார். ஷாங்ஹாய் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பேர் வாங்கியவர் அவர். இந்தக் கூட்டத்துக்கென்றே கப்பல் ஏறி வந்திருந்தார். மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், ஒரே ஒரு உதவி. லெ அண்ணனோடது ஒண்ணா, ரெண்டா?"

"எனக்கு வாய் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இந்த ஒரு தடவை. நாங்க அஞ்சு பேரும் பேசி வெச்சுட்டோம். கடைசி இதழ்லயாவது அவர் பேரு வரணும். எத்தனை தடவை அந்த மனுஷன் சூப்புக் குடிப்பாரு?"

"விதி விதிதான்."

"சரி, சொல்லாதீங்க. எங்களுக்குத் தெரியாமலா போகும்? வாலைப் பாத்தா நரியைத் தெரியாதா!" என்று கண்ணடித்துவிட்டு மேலே போனார்.

'இந்தத் தடவை வால் இல்லை' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விதியை நினைத்து விழுங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது விதியேதான், வேறொன்றும் இல்லை. அதை மட்டும் நான் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். லெ சார், ஷியா, வூ, சுங்கச்சாவடி குமாஸ்தாவான கவிஞர் மாவ், பிறகு எதற்கும் ஒரே மாதிரி தலையாட்டுகிற ச்சோவ் சகோதரர்கள் இரண்டு பேர். காலி முக்காலி அதன் இடத்தில் இருந்தது. நான் ஒன்றாம் எண்ணைப் படித்தேன். குடை மடங்கிய இடத்தில் நிறுத்தினேன். கீழே உரலில் மருந்து இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஷியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லெ சார் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் எண்ணைப் படிக்கத் தொடங்கினேன். குரல் நடுங்காமல் நண்டுப் பானை வரை வந்துவிட்டேன். கடைசிப் பத்தி வந்தது. 'ஆகவே மனிதர்கள், தங்கள் பெயரைத் தாங்களே எழுதும் நாளில்தான்' என்று என் வாயே படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வால்! பதினோரு வருடம் அவர் எழுதியதைப் படியெடுத்துப் படியெடுத்து, அவர் வால் எனக்கு முளைத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். வூ, மாவின் முழங்கையில் இடித்தார். மாவ் ச்சோவ் அண்ணனைப் பார்த்தார். ச்சோவ் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். 'இது என்னுடையது' என்று சொன்னால் நான் விதி மீறியவளாகிவிடுவேன், என் கதை வெளியே, அவர் கதை உள்ளே. அவ்வளவுதானே! சொல்லவில்லை. விதிக்காகத்தான் சொல்லவில்லை என்று அந்த ஒரு நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த ஐந்து முகங்களும் என் வரிகளைக் கேட்டு மலர்ந்திருந்தன. அது வேறொருவருக்கான மலர்ச்சி என்று தெரிந்தும் எனக்கு அது வேண்டியிருந்தது.

கிண்ணம் இரண்டு தடவை சுற்றியது. எண்ணுவது ஷியாவின் வேலை. முதல் கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்தார். ஆறும் கறுப்பு.

"ஒண்ணாம் நம்பர், ஆறு கறுப்பு" என்றார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. தட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவதைக் கவிழ்த்தார். ஆறும் மஞ்சள். வூ கையைத் தட்டி, "அப்பாடா!" என்றார். ச்சோவ் சகோதரர்கள் சேர்ந்து எழுந்து நின்றார்கள். ஷியா மட்டும் அசையவில்லை. விரலால் மொச்சைகளைத் தள்ளித் தள்ளி எண்ணினார். தட்டுக்கு அடியில் பார்த்தார்.

"கறுப்பு இல்லையே" என்றார்.

"அதுக்குத்தானே கை தட்டுறேன்?"

"எழுதினவர் போட்ட கறுப்பு எங்க வூ?"

வூவின் கைகள் சேர்ந்தபடியே நின்றன. எல்லோரும் லெ சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாவ்தான் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, உங்க கறுப்பைப் போட மறந்துட்டீங்களா?"

"நான் எதையும் மறக்கல" என்றார் லெ சார். "போட வேண்டிய இடத்துல போட்டிருக்கேன்."

இரண்டாம் எண்ணின் உறையை அவர்தான் பிரித்தார். உள்ளே இருந்த சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்கூட அதிகம் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் வாசிக்கிற மாதிரி வாசித்தார்.

"யிங் ரூய்சென்."

அந்த அறையில் இருந்த யாருக்கும் அது யார் பெயர் என்று உடனே புரியவில்லை. பதினோரு வருடம் நான் அங்கே டீச்சர்தான். நான் நின்றுகொண்டிருந்தேன், கையில் காலிக் கிண்ணம்.

லெ சார் எழுந்தார். சுவர் அலமாரியிலிருந்து தன் கிண்ணியை எடுத்தார், விளிம்பில் ஒரு சில்லு போன நீலக் கிண்ணி. அடுப்பருகே வந்து, எப்போதும்போல முதல் ஆளாக என் முன்னால் நீட்டினார்.

"என்ன டீச்சர், மொச்சையைப் போடல? பசிக்குதே."

அப்போதுதான் ஒன்றாம் எண் யாருடையது என்று அவர்களுக்கு விளங்கியது. வூ தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாவ், "ஐயோ, குடை" என்று மட்டும் சொன்னார்.

"மறுபடி போடலாம்! கிண்ணத்தைக் கொடுங்க டீச்சர், மறுபடி சுத்தி விடலாம்!" என்று வூ கத்தினார்.

"கிண்ணம் ஒரு தடவைதான் சுத்தும்" என்றார் லெ சார். "அந்தப் பெரிய மனுஷர் கதையையும் அப்படித்தானே திருப்பினோம்? எனக்குன்னு ஒரு விதியா?" பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஷியா, நீ பொய் சொல்ல மாட்ட. கதை எப்படி இருந்துச்சு?"

ஷியா கண்ணாடியை மறுபடி கழற்றினார். "இந்த ரூம்ல நான் கேட்டதுலயே அதான் அண்ணே நல்ல கதை."

"அப்புறம் ஏன் கறுப்பு போட்ட?"

"உங்களுக்காகத்தான்."

லெ சார் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார், நீலக் கிண்ணி கையில் ஆடியது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. நான் அவர் காலில் விழாத குறையாக, "என் கதை வேண்டாம் சார், எடுத்துடலாம், எனக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்லல சார்" என்று என்னென்னவோ உளறினேன்.

"நீங்க சொல்லியிருந்தாத்தான் தப்பு" என்றார் அவர், முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு. "உங்க கதைக்கு நான் போட்ட மஞ்சள் நிஜ மஞ்சள். அந்த ஒண்ணு மட்டும் உங்களுக்குப் போதாதா? ஆனா கடைசிப் பத்தியை எடுத்துடுங்க டீச்சர். கதை பானையோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல எழுதினது எல்லாம்..."

"பள்ளிக்கூட மணி" என்றார் ஷியா.

"அதான்" என்றார் லெ சார். சூப்பை இரண்டு கிண்ணி குடித்தார்.

அவர் போன பிறகும் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். என் கதை அச்சுக்குப் போகும், அதில் மாற்றமில்லை. குடைக் கதை அச்சில் வராது, அதிலும் மாற்றமில்லை. செய்த தப்பை எண்ணி வூ புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது பழைய ஞாபகம் ஒன்று வந்தது. பிரதி கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்?

"கிண்ணம் வேண்டாம்னு சொன்னது அச்சுக்குத்தானே?" என்றேன். "கையால எழுதக் கூடாதுன்னு சொல்லலையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கு டீச்சர் ஆயிற்றே, கணக்கும் சொன்னேன். அறுபது பிரதி. குடைக் கதை கையெழுத்தில் ஆறு தாள். ஆளுக்கு ஒரு தாள். அதே தாளை அறுபது தடவை எழுதினால் போதும், ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ஆறு தாளைச் செருகி வைத்துவிடலாம். இரண்டாயிரம் பிரதி போன காலமாக இருந்தால் நடக்கிற காரியமா? அறுபது என்பதால் நடந்தது. சங்கம் தேய்ந்ததில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஒன்பது நாள் எழுதினோம். வூ ஊருக்குத் திரும்பவில்லை. ஷாங்ஹாய் பத்திரிகையில் அந்த வாரம் அவர் தொடர்கதை வராமல், 'ஆசிரியருக்கு உடல்நலமில்லை' என்று போட்டார்கள். மாவ் சுங்கச்சாவடியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினார். ச்சோவ் சகோதரர்களின் இரண்டு தாளும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை, ஒருவர் எழுத்து முன்னால் சாய்ந்தது, ஒருவர் எழுத்து பின்னால். அவர்கள் இத்தனை காலம் எழுதிக் கொடுத்ததை எல்லாம் நான்தானே பார்த்தேன்? அதை ஒருநாளும் கவனிக்காமல் போயிருக்கிறேன். கடைசித் தாள், குடை மடங்கும் தாள், என் பங்கு. முதல் பிரதியை வழக்கமான படியெடுக்கும் எழுத்தில் எழுதினேன். பார்க்கப் பிடிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, கையை அதன் போக்கில் விட்டு எழுதினேன்.

லெ சார் கப்பல் ஏறுகிற காலையில் நான் மட்டும் கூடப் போனேன். துறைக்குப் போகப் படகுப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். காற்று அடித்தது. மீன்கூடைக்காரர்களும் கைவண்டிகளும் போகப் போக, பலகைகள் காலடியில் ஏறி இறங்கின. நடுப்பாலத்தில் நாற்பதாவது இதழை அவர் கையில் கொடுத்தேன். முதலில் என் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பானையோடு முடிந்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது செருகியிருந்த தாள்கள் கையில் வந்தன.

முதல் வரியைப் படித்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்த வண்டிக்காரன், "யோவ், பாலத்துல நின்னு என்னய்யா படிப்பு?" என்று திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். லெ சார் கைப்பிடிச் சங்கிலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"இது வூ. அவசரக்காரன், மையைத் தொட்டுக்கக்கூட நேரமில்ல" என்றார். "இது ஷியா, மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கு. மாவ்... இது ரெண்டும் ச்சோவ் பசங்க." ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லாம் அவருடைய நண்பர்களின் கையெழுத்து. எங்கள் கூட்டத்தில் அவற்றைப் பார்க்கவே கூடாது என்று அவரேதான் பதினோரு வருடம் விதி போட்டு வைத்திருந்தார்.

ஆறாவது தாள் வந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

"சொல்லக் கூடாது சார்" என்றேன். "விதி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தபோது பெரிய கைவண்டி ஒன்று பாலத்தில் ஏறியது. நாங்கள் நின்ற படகு அமிழ்ந்து எழுந்தது, காற்று தாள்களைப் பிடித்து இழுத்தது. லெ சார் பெட்டியைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஆறு தாளையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். துறையில் கப்பல் இரண்டாவது தடவை ஊதியது.